ஓடு மட்டும்தான் மிஞ்சியது: ரத்தான பயணமும் வராத பணமும்

மதுரை
12-07-2021

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்

பொருள்: 14-05-2020 அன்று புறப்பட வேண்டியிருந்த டெல்லி – ஆக்ரா – ஜெய்ப்பூர் சுற்றுலா ரத்தானதற்கு 98,427 ரூபாய் திருப்பித் தரப்படாதது தொடர்பாக.

ஐயா / அம்மா,

இது உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். ஆனால் முதல் புகார் இல்லை. ஆப்பில் ஆறு முறை, மின்னஞ்சலில் நான்கு முறை, போனில் எத்தனை முறை என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள், இரண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த முறை காகிதத்தில், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் உங்கள் பயண முன்பதிவுத் தளத்தில் நான்கு பேருக்கு ஆறு நாள் சுற்றுலா பதிவு செய்தேன். நான், மனைவி, பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள், 68 வயதான என் அம்மா. மொத்தம் 1,12,400 ரூபாய். மதுரையிலிருந்து சென்னை வழியாக டெல்லி போய்வர விமானத்துக்கு 46,800, ஹோட்டல்களுக்கு 38,600, காருக்கும் உள்ளூர்ச் சுற்றலுக்கும் 22,000, பயணக் காப்பீட்டுக்கு 3,200, இவற்றையெல்லாம் எனக்கு விற்றதற்காக "வசதிக் கட்டணம்" என்று 1,800.

தேதியை அம்மாதான் முடிவு செய்தார். மகளுக்குப் பொதுத்தேர்வு ஏப்ரல் 13-ல் முடிவதாக இருந்தது. "அழகர் ஆத்துல இறங்காம நான் ஊரைவிட்டு நகர மாட்டேன்" என்றார் அம்மா. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதனால் மே 14. இன்னொன்றும் இருந்தது. அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. மார்ச் 26-ல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம். தாஜ்மகாலைப் புகை மூட்டத்தில் பார்ப்பது மாதிரி பார்க்கக் கூடாது, கண்ணைச் சரிசெய்துகொண்டுதான் போக வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். மார்ச் 17-ல் தாஜ்மகாலை மூடினார்கள். அதே நாளில் இங்கே தியேட்டர்களையும் மூடினார்கள். மார்ச் 24 நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்கள் நின்றன, நாடு முழுவதும் ஊரடங்கு. மறுநாள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரையிலேயே நிகழ்ந்தது. அதற்கு முன்பே, 23-ஆம் தேதியே, கண் மருத்துவமனையில் இருந்து கூப்பிட்டு அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது, அவசரம் இல்லாத எதையும் இப்போது செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலியோ சிவப்போ வந்தால் கூப்பிட ஒரு எண்ணும் கொடுத்தார்கள். முன்பணத்தை இரண்டு நாளில் கணக்கில் போட்டுவிட்டார்கள். நான் கேட்கக்கூட இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரியும் என நினைக்கிறேன்.

மே மாதம் வந்தது. மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது, இணையத்தில் பார்த்தோம். என் மனைவி போன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். அழகர் அந்த வருடம் வைகையில் இறங்கவில்லை. மே 7-ஆம் தேதி, அவர் இறங்கியிருக்க வேண்டிய நாளில், உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "உங்கள் பயணம் ரத்து செய்யப்பட்டது. கவலை வேண்டாம், உங்கள் பணம் பாதுகாப்பாக இருக்கிறது."

பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. பதினான்கு மாதமாக உங்களிடம்.

என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே பதில், "நாங்களும் பாதிக்கப்பட்டிருக்கிறோம் சார்" என்பதுதான். நான் மதுரையில் ஒரு தியேட்டரில் கேன்டீன் எடுத்து நடத்துகிறேன். 2020 மார்ச் 17 முதல் நவம்பர் 10 வரை, கிட்டத்தட்ட எட்டு மாதம், எனக்கு ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை. வாங்கி வைத்திருந்த குளிர்பானங்கள் தேதி முடிந்து சாக்கடையில் போயின. சோள மூட்டையில் வண்டு வைத்தது. இடைவேளை மணியே அடிக்காத தியேட்டரில் கேன்டீன்காரனுக்கு என்ன வேலை? நவம்பரில் திறந்தபோது பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. 2021 ஜனவரி 4-ல் முழு இருக்கைக்கும் அனுமதி என்று அரசு அறிவித்ததும் பொங்கலுக்குக் கடன் வாங்கிச் சரக்கு இறக்கினேன். நான்கே நாளில் மறுபடி பாதி என்று ஆகிவிட்டது. ஏப்ரல் 26-ல் திரும்பவும் பூட்டு. இந்தக் கடிதம் எழுதும் இன்றைக்கும் பூட்டுதான்.

அந்த 2020 மார்ச்சில் ஒரு குடும்பம் பிறந்தநாளுக்காக மொத்தமாக டிக்கெட் எடுத்து, அறுபது பேருக்குப் பாப்கார்னும் பப்ஸும் சொல்லி என்னிடம் 4,500 ரூபாய் கொடுத்திருந்தது. 21-ஆம் தேதிக் காட்சி. தியேட்டர் மூடியதும் அதே வாரத்தில் ஜிபேயில் திருப்பி அனுப்பினேன். "வேற ஒரு நாளைக்கு வச்சுக்கலாமே அண்ணே" என்று அவர்களே சொன்னார்கள். வேறு ஒரு நாள் எப்போது வரும் என்று எனக்கே தெரியாதபோது அந்தப் பணத்தை நான் எப்படி வைத்துக்கொள்வது?

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

கார் பணம் 22,000-ல் 20 சதவீதம் "ரத்துக் கட்டணம்" பிடித்துக்கொண்டு 2020 ஆகஸ்டில் 17,600 ரூபாய் அனுப்பினீர்கள். ரத்து செய்தது நான் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு பைசா வரவில்லை. விமானப் பணத்தையும் ஹோட்டல் பணத்தையும் சேர்த்து 85,400 ரூபாய் "கிரெடிட் ஷெல்" என்று, அதாவது கையில் தராமல் அடுத்த பயணத்துக்கு மட்டும் கழித்துக்கொள்ளும் இருப்பாக, ஆப்பில் காட்டினீர்கள். ஷெல் என்றால் ஓடு என்று மகள் சொன்னாள். பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறீர்கள்.

2020 அக்டோபரில் உங்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டு, தாஜ்மகால் திறந்துவிட்டது, ஒரு நாளைக்கு 5,000 பேரைத்தான் விடுகிறார்கள், கூட்டமில்லாமல் பார்க்கலாம், கிரெடிட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அந்த மாதம்தான் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் கொரோனா பரிசோதனை, முடிவு வரும் வரை காத்திருப்பு, உடன் ஒரே ஆள், இத்தனையும் தாண்டி. 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. 68 வயதுக்காரரைச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே ஆக்ராவுக்குக் கூட்டிப்போகச் சொன்னீர்கள். கண் கட்டு அவிழ்த்த அன்று அம்மா சொன்னது: "இப்ப கண்ணு தெரியுது. போறதுக்குத்தான் வழி தெரியல."

2021 மார்ச் முழுவதும் "கடைசி வாய்ப்பு" என்று உங்கள் குறுஞ்செய்திகள் வந்தன. ஏப்ரல் 1 காலையில் ஆப்பைத் திறந்தால் இருப்பு பூஜ்யம். கேட்டால், "உச்ச நீதிமன்றமே மார்ச் 31 வரைதான் என்று சொல்லிவிட்டது சார்" என்றார் உங்கள் அலுவலர்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வக்கீலிடம் அந்தத் தீர்ப்பை வாங்கி, உட்கார்ந்து படித்தேன். 2020 அக்டோபர் 1-ல் வந்த தீர்ப்பு. ஊரடங்கில் ரத்தான உள்நாட்டு டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் 15 நாளுக்குள் பணத்தைத் தர முயல வேண்டும். நிதி நெருக்கடியால் முடியாவிட்டால் மட்டும் கிரெடிட் ஷெல், அதை 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தலாம். இதுவரை நீங்கள் சொன்னது சரி. அதற்கு அடுத்து இருப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டின் ஷெல் அந்தத் தேதிக்குள் பயன்படுத்தப்படாவிட்டால், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்றுதானே அதில் இருக்கிறது? மார்ச் 31 என் பணம் செத்துப்போகும் நாள் இல்லை. அது திரும்பக் கிளம்ப வேண்டிய நாள்.

விமான நிறுவனத்தையும் கேட்டுவிட்டேன். ஏப்ரல் மாதம் நாற்பது நிமிடம் போனில் காத்திருந்தேன். எடுத்த பெண் டிக்கெட் எண்ணைப் பார்த்துவிட்டு, "உங்க ஏஜென்ட் கணக்குக்கு அனுப்பிட்டோம் சார், அவங்ககிட்ட கேளுங்க" என்றார். எழுத்தில் கேட்டேன், மின்னஞ்சலும் அனுப்பினார்கள். நகல் இணைத்திருக்கிறேன். அந்த ஏஜென்ட் நீங்கள்தான்.

ஆக்ரா ஹோட்டலையும் விடவில்லை. எனக்கு வராத இந்தியில் மகள் பேசினாள். தங்க வருகிறவர்கள் வந்த பிறகுதான் உங்களிடமிருந்து பணம் வரும், இந்தப் பதிவுக்கு எதுவுமே வரவில்லை என்கிறார் மேலாளர். அப்படியானால் ஹோட்டலுக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை என்று ஒரு வருடமாக நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எந்தக் காசை?

இவ்வளவு விடாமல் துரத்துவதற்குக் காரணம் மே 17. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல், ஆக்சிஜன் அளவு 90. ஊரில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆளாளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த வாரம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு படுக்கை இருக்கிறது, 50,000 முன்பணம், அரை மணி நேரத்தில் சொல்லுங்கள் என்றார்கள். தியேட்டர் மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு உங்கள் ஆப்பைத் திறந்து, "அவசர மருத்துவச் செலவு, என் பணத்தைத் தாருங்கள்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. மனிதர் இல்லாமல் தானியங்கிப் பொம்மை எழுதும் பதில். "உங்கள் அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்று கேட்டு, கீழே மணாலி, கோவா, அந்தமான் என்று மூன்று பொத்தான்கள்.

பணம் நண்பர் கொடுத்தார். ஒன்பதாவது நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நண்பரின் பணத்தை மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அடைத்தேன். அதற்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறேன். அந்தப் பொம்மைப் பதிலின் படமும் இணைப்பில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் மனிதர் யாராவது அதை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதற்காக.

கணக்கு இது. விமானப் பணம் 46,800. அதே தீர்ப்பில், ஷெல்லாக வைத்திருந்த காலத்துக்கு ரத்தான தேதியிலிருந்து 2020 ஜூன் 30 வரை மாதம் அரை சதவீதமும், அதன் பிறகு 2021 மார்ச் வரை மாதம் முக்கால் சதவீதமும் கூட்ட வேண்டும் என்று இருக்கிறது. முதல் இரண்டு மாதத்துக்கு 1, அடுத்த ஒன்பது மாதத்துக்கு 6.75, ஆக 7.75 சதவீதம், 3,627 ரூபாய். ஹோட்டல் 38,600. காரில் பிடித்த 4,400. தொடங்கவே தொடங்காத பயணத்துக்கான காப்பீட்டுக் கட்டணம் 3,200. எந்த வசதியையும் நான் அனுபவிக்காத வசதிக் கட்டணம் 1,800. மொத்தம் 98,427 ரூபாய். நகை வட்டியை இதில் சேர்க்கவில்லை. அது வேறு இடத்தில் கேட்க வேண்டியது.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விதிமுறைகளில் வழக்கு என்றால் உங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். தியேட்டர் திறக்கும் வரை எனக்கு நேரமும் நிறையவே இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். வாலட்டில் வேண்டாம், வவுச்சரும் வேண்டாம், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியும் வேண்டாம். 2020 பிப்ரவரியில் எந்த வங்கிக் கணக்கிலிருந்து எடுத்தீர்களோ அதே கணக்கு இன்னும் இருக்கிறது, எண் மாறவில்லை. இனி எனக்கு "கடைசி வாய்ப்பு" குறுஞ்செய்தி அனுப்புவதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மாவின் போனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, எல்லாவற்றையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்
(பெயர், பதிவு விவரம், தொலைபேசி எண் தனித்தாளில்)

இணைப்பு: பதிவு ரசீது, 07-05-2020 ரத்து மின்னஞ்சல், விமான நிறுவனத்தின் பதில், 17-05-2021 இரவு உங்கள் ஆப் தந்த பதிலின் படம்.