வரகுக்கு முதல் இடம் இட்லிப் பானையில்

ஆசிரியருக்கு,

ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆனாலும் ஆர்வத்தில் வாங்கிய வரகு பல வீடுகளில் டப்பாவிலேயே கிடக்கிறது. ஊறவைக்காமல், அரிசிக்கு வைப்பதுபோல் மூன்று பங்கு தண்ணீர் வைத்தால் குழைந்துதான் போகும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் திறக்கக் கூடாது.

பழகாத நாக்குக்கு முதலில் இட்லி மாவுதான் நல்லது: இட்லி அரிசி 2, வரகு 2, உளுந்து 1. வெயில் காலத்தில் இந்த மாவு சீக்கிரம் புளித்துவிடும். ஆறு மணி நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

கம்பங்கூழ், தினைப் பாயசம் போன்றவற்றை முதலில் கடையில் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பாருங்கள். பிடித்தால் மட்டும் கால் கிலோ வாங்கலாம். கம்பை மாவாக வாங்கி அடுக்காதீர்கள். அதில் கொழுப்பு அதிகம், சில நாட்களிலேயே கசந்துவிடும்.

– வாசகர், மதுரை