கருகுவது சுவிட்ச், குற்றம் திருகில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீசர் சுவிட்ச் கருகினால் 'மட்டமான சரக்கு' என்று சொல்லி, புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. சில மாதங்களில் அதுவும் அதே முனையில், அதாவது வயர் வந்து சேரும் இடத்தில், கருகும். பெரும்பாலும் கோளாறு சுவிட்சில் இருப்பதில்லை, வயரைப் பிடிக்கும் திருகில்தான் இருக்கிறது.

230 வோல்ட்டில் 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். ஒரு விளக்கோ மின்விசிறியோ அரை ஆம்பியரைக்கூடத் தொடாது. அதனால் அங்கே திருகு லூசாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. கீசரில் அப்படியில்லை. இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 13 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் 17 வாட் வெப்பம் எழும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து மூடியதுபோலத்தான். சூட்டில் செம்பு கறுக்கும், தடை கூடும், சூடு மேலும் ஏறும். வயரின் சாதாரண பிவிசி உறை தாங்குவதோ 70 டிகிரி செல்சியஸ் வரைதான்.

'எம்சிபி (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதே' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மின்னோட்டம் அளவு மீறினால்தான் எம்சிபி விழும். லூசான இணைப்பில் ஓட்டம் கூடுவதே இல்லை. சொல்லப்போனால் இம்மியளவு குறையும். ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்சிசிபி, மின்கசிவை மட்டுமே பார்க்கும். ஆக, பிளாஸ்டிக் உருகும்போதும் இரண்டும் சும்மா இருக்கும். நம் மூக்கும் கையும்தான் காவல். மீன் கவிச்சி போன்ற வாடை, சுவிட்சின் மூடித் தட்டில் பழுப்புக் கறை, 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கீசரைப் போடாதீர்கள். எதுவும் தெரியாவிட்டாலும், 20 நிமிடம் ஓடியபின் ஈரமில்லாத புறங்கையைத் தட்டின்மேல் வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே முனை அதைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது.

பழுது பார்க்கும்போது முதலில் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு வயரைப் பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். கறுத்த செம்பை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. நீளம் போதாவிட்டால் டேப் சுற்றி ஒட்டுப்போடக் கூடாது; புது வயர்தான் இழுக்க வேண்டும், செம்பில் குறைந்தது 2.5 சதுர மி.மீ. துளைக்குள் நுழையவில்லை என்று நாலைந்து இழைகளை நறுக்கிவிடுவதும், உறையோடு சேர்த்துத் திருகுவதும் அன்றாடம் நடக்கும் தவறுகள். இறுக்கியபின் வயரை இழுத்துப் பாருங்கள். ஓரிரு வாரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு இன்னொரு முறை இறுக்குங்கள், ஏனென்றால் சூடாகி ஆறும்போது செம்பு சற்றே தளரும். மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரான நியூட்ரலின் முனையையும் பாருங்கள். அதிலும் அதே 13 ஆம்பியர்தான் ஓடுகிறது, ஆனால் யாரும் அதைத் தொடுவதில்லை.

பிளக் வைத்த கீசரில் இன்னொரு சிக்கல் உண்டு. சாக்கெட்டின் ஸ்பிரிங் தளர்ந்து, பிளக்கின் உலோகக் கால் கருகியிருந்தால், பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கருகிய கால் புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிளக் இல்லாமல் நேராக இணைப்பதானால், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் நல்லது.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடம் வெட்டியெடுத்த வயர்த் துண்டைக் கேளுங்கள். துண்டே இல்லையென்றால், கருகிய வயரிலேயே புதுச் சுவிட்சை மாட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மின்பணியாளர்