யாரும் ஒலிபரப்பாத ஆட்டம்

பிட்ஸ்பர்க்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு நிலைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், நாள் பூராவும் ரேடியோதான் துணை என்று நிலாவை எழுதச் சொல்லியிருக்கிறாய். இதையும் அவள்தானே உனக்கு வாசித்துக் காட்டப் போகிறாள். நீளமான கடிதம், நடுவில் தண்ணீர் குடித்துக்கொள்ளச் சொல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி மட்டும் குளிர் வந்தால் கூடுகிறது. அப்புறம், உன் ரேடியோ செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். ஏனென்றால் மூன்று மாதமாக நானும் ரேடியோ வேலையில்தான் கிடக்கிறேன். இங்கே நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, 1942 செப்டம்பர் 10ஆம் தேதி இந்த ஊரில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தை, அன்றைக்கு ரேடியோவில் வந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி, குரலும் கூட்டத்தின் சத்தமுமாகத் திரும்ப உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பேஸ்பால் உனக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும். 1947இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே வரும்வரை, அறுபது வருஷம் போல, அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. அப்படி எழுதி வைத்த சட்டம் ஏதும் இல்லை. அணி முதலாளிகள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். அதனால் 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்பவர் கான்சாஸ் சிட்டியில் மற்ற அணிக்காரர்களைக் கூட்டிவைத்துத் தங்களுக்கென்று ஒரு லீக்கை ஆரம்பித்தார். நீக்ரோ நேஷனல் லீக் என்று பெயர். அந்தக் காலத்துச் சொல் அது. இன்றைக்கு யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், லீக்கின் பெயரில் மட்டும் நிற்கிறது.

எங்கள் ஊரின் பங்கு இதில் பெரியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோம்ஸ்டெட்டில் இரும்பாலைத் தொழிலாளர்கள் வேலை நேரம் போக ஆடிய ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி. அதன் கேட்சர், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர், ஜாஷ் கிப்ஸன். இந்த ஆட்டத்தைத் தெரிந்த யாரைக் கேட்டாலும், இவ்வளவு பலமாகப் பந்தை அடித்தவர் வேறு யாருமில்லை என்பார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது கறுப்பின லீக்குகளின் 1942 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். அதில் கிரேஸுக்கு எதிராக வந்தது கான்சாஸ் சிட்டி மானார்க்ஸ். அவர்கள் பக்கம் சாட்சல் பெய்ஜ் என்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர். முன்னொரு காலத்தில் பெய்ஜும் கிப்ஸனும் இதே ஊர் க்ராஃபர்ட்ஸ் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். இப்போது எதிரெதிரே.

இந்த ஆட்டத்தின் ஒலிப்பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. கறுப்பின அணிகளின் ஆட்டம் ரேடியோவில் வந்ததே அபூர்வம். உங்கள் அப்பா பொங்கல் சமயத்தில் திண்ணையில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு சேப்பாக்கம் டெஸ்ட் வர்ணனை கேட்பாரே, நாமும் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் உட்காருவோமே, அந்த மாதிரி தங்கள் ஆட்டக்காரர்களின் பெயரை ரேடியோவில் கேட்கும் சந்தோஷம் இங்கே பல வீடுகளுக்குக் கிடைக்கவே இல்லை. இதை நினைத்த பிறகுதான் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன்.

எனக்குக் கொடுத்த வேலை பழைய பத்திரிகைகளைப் படிப்பது. நூலகத்தில் அத்தனை வருஷம் இருந்தவளுக்கு அதுதானே வரும். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் என்று கறுப்பின மக்களே நடத்திய பத்திரிகைகள் இருந்தன. அவர்கள் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பி, எழுதி, பாக்ஸ் ஸ்கோரும் போட்டார்கள். பாக்ஸ் ஸ்கோர் என்றால் யார் எத்தனை முறை ஆட வந்தார், எத்தனை ஹிட், எத்தனை ரன் என்ற சின்னப் பட்டியல். ஹிட் என்றால் பந்தை அடித்து ஓடி ஒரு பேஸைப் பிடிப்பது, பேஸ் என்றால் ரன்னுக்காகச் சுற்றி ஓடும்போது நிற்கும் இடம். மைக்ரோஃபிலிமில் அந்த எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது. மை ஊறிப்போய் 3 எது, 8 எது என்று தெரியாது. ஒரு இலக்கத்துக்காக ஒரு காலைப் பொழுது முழுக்கப் போயிருக்கிறது. ஒவ்வொருவரின் ரன்னையும் கூட்டி, மொத்தத்தோடு சரிபார்த்து, அப்புறம்தான் அது 3 என்று முடிவு செய்தேன்.

சத்தம் உண்டாக்குவது தனிக் கலை. மட்டையை மைக் முன்னால் அடித்தால் கதவை அறைகிற மாதிரி கேட்கிறது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் செய்ததைத்தான் கடைசியில் நாங்களும் செய்தோம். ஒரு கட்டைத் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, பென்சில் கனமுள்ள குச்சியால் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பந்து பறப்பதே தெரிகிறது. கேட்சர் கையுறையில் பந்து விழும் சத்தத்துக்கு மட்டும் உண்மையான தோல் கையுறைதான் வேண்டும், அதற்கு மாற்றே இல்லை.

கூட்டத்தின் சத்தம்தான் படுத்திவிட்டது. இன்றைய மைதானத்தில் பதிவு செய்தால் ஒலிபெருக்கிப் பாட்டு நடுவில் வந்துவிடுகிறது. அதனால் பக்கத்து சர்ச்சில் கேட்டுக்கொண்டோம். கான்சாஸ் சிட்டியில் மானார்க்ஸ் ஆட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில், ஜனங்கள் ஆட்டத்துக்குப் போகட்டும் என்று ஆராதனையையே ஒரு மணி நேரம் முன்னால் தொடங்குவார்களாம். இங்கே ஆராதனை முடிந்ததும் நாற்பது பேர் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். இந்த இடத்தில் கத்துங்கள், இந்த இடத்தில் கை தட்டுங்கள் என்று நாங்கள் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வர்ணனையாளர் ஆட்டத்தை வாசிக்க வாசிக்க, அவர்களாக என்ன செய்தார்களோ அதைப் பதிவு செய்தோம்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தைப் பற்றி ஊர் உலகமெல்லாம் சொல்லும் கதை ஒன்று உண்டு. பிட்சர் நாலு மோசமான பந்து போட்டால் அடிக்க வந்தவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம், அதற்கு வாக் என்று பெயர். ஏழாவது இன்னிங்ஸில் ஒருவர் பேஸில் இருக்கும்போது, பெய்ஜ் வேண்டுமென்றே இரண்டு பேருக்கு வாக் கொடுத்து, மூன்று பேஸையும் நிரப்பி, கிப்ஸனை எதிரே வரவழைத்து, மூன்றே பந்தில் அவுட் ஆக்கினார் என்பது கதை. அன்றைக்கு மானார்க்ஸின் முதல் பேஸில் நின்ற பக் ஓ'நீல் இதைப் பல வருஷங்கள் ஊர் ஊராகச் சொன்னார், அவர் சொல்லும் அழகே தனி. ஆனால் அப்போதைய பத்திரிகைகளில் அந்த வாக் இல்லை. அடுத்தடுத்து அடித்த ஹிட்களால்தான் பேஸ் நிரம்பியது. கிப்ஸன் அவுட் ஆனது மட்டும் உண்மை.

எங்களில் ஒருவர் ரேடியோ நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனங்கள் அந்தக் கதைக்காகத்தான் கேட்கவே வருவார்கள், அதைப் போடாமல் எப்படி என்றார். ரொனால்ட் ரீகனை உதாரணம் காட்டினார். ஜனாதிபதி ஆவதற்கு ரொம்ப முன்னால், அயோவாவில் டெ மாய்ன் ரேடியோவில் உட்கார்ந்து தந்தியில் வரும் குறிப்பை வைத்தே சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்தவர் ரீகன். ஒரு நாள் தந்தி நின்றுபோக, அடிக்க வந்தவர் பந்தை மறுபடி மறுபடி வெளியே தட்டிவிட்டுக்கொண்டே இருப்பதாகப் பல நிமிஷம் ஓட்டினாராம்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை, கமலா. ரீகன் சேர்த்ததை மறுநாள் பேப்பரைப் பார்த்து எவரும் சரிசெய்துகொள்ளலாம். இந்த மனிதர்களுக்கு அப்படியா? கணக்கு சரியாக இல்லை, எல்லாம் கதை என்று சொல்லித்தானே இத்தனை காலம் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள்! 2020 டிசம்பரில்தான் அந்த லீக்குகளையும் பெரிய லீக் என்று ஏற்றார்கள். 2024 மே மாதம் கணக்கைச் சேர்த்தபோது கிப்ஸனின் சராசரி, அதாவது அடிக்க வந்ததில் ஹிட் ஆன பங்கு, .372. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்ற பழைய பெரிய லீக் ஆட்டக்காரரின் .367ஐத் தாண்டி நின்றது. அந்த எண், பழைய பாக்ஸ் ஸ்கோர்களைத் தேடித் தேடிக் கூட்டிய ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு. அதன் பக்கத்தில் நடக்காத இரண்டு வாக்கை நான் எப்படி வைப்பேன்?

இரண்டு வாரம் பேசிக் கடைசியில் ஒரு வழி கண்டோம். ஆட்டம் பத்திரிகையில் உள்ளபடியே போகும். எந்தப் பந்து எப்படி வந்தது என்று தெரியாத இடத்தில் வர்ணனையாளர் பேச மாட்டார், கூட்டத்தின் சத்தம் மட்டும் ஓடும். ஆட்டம் முடிந்து, மானார்க்ஸ் 8, கிரேஸ் 4 என்று சொன்ன பிறகு, வேறொரு வயதான குரல் அந்தக் கதையைக் கதை என்று சொல்லியே சொல்லும். மானார்க்ஸின் இன்னொரு பிட்சர் ஹில்டன் ஸ்மித்துக்கும் இதில் நியாயம் கிடைத்தது. பெய்ஜுக்கு முன்னால் ஐந்து இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசியவர் அவர்தான், கதையில் அவர் பெயரே வராது.

அந்த மைதானம், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், இப்போது இல்லை. சுவரில் ஒரு பகுதி மட்டும் பல்கலைக்கழகம் பக்கத்தில் நிற்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நான் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். போன மாதம்தான் முதல் தடவையாக இறங்கி, செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து அலெகெனி கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். கிப்ஸன் 1947 ஜனவரியில் முப்பத்தைந்து வயதில் இறந்தார். ராபின்சன் பெரிய லீக்கில் இறங்க இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. 1975 வரை அவர் புதைத்த இடத்தில் பெயர்க் கல்லே கிடையாது. எனக்கு அங்கே வெகு நேரம் நிற்க முடியவில்லை.

ஆடியோவை நிலாவின் போனுக்கு இன்று ராத்திரியே அனுப்புகிறேன். இங்கிலீஷில்தான் இருக்கிறது, உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஏழாவது இன்னிங்ஸை மட்டும் கவனமாகக் கேள். கிப்ஸனை அவுட் ஆக்கிய பந்து கையுறையில் விழுந்ததும் சர்ச் ஜனங்களிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அதை அப்படியே விட்டிருக்கிறோம். அதன் பிறகு ஆறு விநாடி வர்ணனையாளர் வாயே திறக்க மாட்டார். ரொம்ப நீளம், கேட்பவர்கள் ஆடியோ நின்றுவிட்டது என்று நினைப்பார்கள் என்கிறார் ஒருவர். எனக்கு அது வேண்டும் போல இருக்கிறது. நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, குறைக்கலாமா வேண்டாமா என்று எழுது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கண்ணில் மருந்து விட மறக்காதே.

உன்,
வசந்தா