டிபி மருந்து குடுக்கிறவங்களுக்கும் மனநல டாக்டர்களுக்கும் காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு மடல்

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் டிபிக்கு மருந்து குடுக்கிற ஊழியர்களுக்கும் மனநல ஓபி பாக்குற டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன், ஏன்னா நீங்க ரெண்டு பேரும் பாக்குறது ஒரே ஆளைத்தான், ஆனா ஒருத்தர் எழுதுற சீட்டு இன்னொருத்தர் கைக்கு வர்றதே இல்ல.

எங்க சித்தப்பா பல வருஷமா மனநோய்க்கு ரிஸ்பெரிடோன் சாப்பிட்டு நல்லா இருந்தவரு. டிபி மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல தூக்கம் போச்சு, தனியா பேச ஆரம்பிச்சாரு, ஒண்ணுக்கு செவப்பா போறதைப் பாத்துட்டு சோத்துல விஷம் வச்சுட்டாகன்னு சித்தி மேலயே சந்தேகப்பட்டாரு. டிபி மருந்துல இருக்கிற ரிஃபாம்பிசின் சாப்பிட்டா அப்படித்தான் போகும்னு முதல் நாளே யாராச்சும் அவருகிட்ட உக்காந்து பேசியிருக்கணும். ஓபிக்கு கூட்டிட்டுப் போனா முதல் கேள்வியே "மாத்திரைய ஒழுங்கா குடுக்கலையாம்மா?" தினமும் தன் கையால குடுத்தவுக எங்க சித்தி, அங்கேயே அழுதுட்டாக.

மாத்திரை வயித்துக்குள்ள போகத்தான் செஞ்சுது. ஆனா ரிஃபாம்பிசின், மருந்தை உடைக்கிற கல்லீரல் என்சைம்களை, முக்கியமா சிவைபி3ஏ4-ஐ, கூட்டி விட்டுடும். மனசுக்குக் குடுக்கிற ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், க்ளோசபின், அரிபிப்ரசோல் எல்லாம் ரத்தத்துல நல்லா குறைஞ்சுடும், க்யூட்டியாபின் கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும். அமிசல்பிரைட் கிட்னி வழியா போறதால அதுக்கு அவ்வளவா பாதிப்பு இல்ல. இதெல்லாம் ஒரே நாள்ல நடக்காது, முழுசா ஏற ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதனாலதான் வீட்டுல யாருக்கும் ரெண்டையும் சேர்த்துப் பாக்கத் தோணுறதில்ல. போதாததுக்கு இன்னொரு டிபி மருந்தான ஐசோனியாசிடே சில பேருக்கு மனசைக் குழப்பும்.

அதனால டிபி பதிவு பண்றப்பவே "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீக, மனசுக்கு எதுவும் சாப்பிடுறீகளா"ன்னு கேளுங்க, தனியா கூப்பிட்டு மெதுவா கேளுங்க, நம்ம ஊர்ல நாலு பேர் முன்னாடி யாரும் இதைச் சொல்ல மாட்டாக. ரெண்டு மருந்தும் ஒரே சீட்டுல இருக்கட்டும். முதல் மாசத்துலயே மனநல டாக்டர் ஒரு தடவை பாத்து டோஸ் கூட்டணுமா மாத்தணுமான்னு சொல்லட்டும்.

அதை விட யாருமே நினைக்காதது கோர்ஸ் முடியுற நேரம். 6 மாசம் முடிஞ்சு ரிஃபாம்பிசினை நிறுத்தினா ரெண்டு வாரம் போல அந்த என்சைம் பழைய நிலைக்கு இறங்கிடும், ஆனா கூட்டின டோஸ் அப்படியே இருந்தா கை கால் விறைக்கும், எச்சி வடியும், ஆளு தூங்கியே கெடப்பாரு, வீட்டுல அதையும் வியாதின்னுதான் நினைப்பாக. அதனால டிபி மருந்து முடியுற தேதி மனநல டாக்டருக்கு முன்கூட்டியே தெரியணும், தயவுசெஞ்சு அதை நீங்களே போன் பண்ணி சொல்லுங்க, எங்ககிட்ட விடாதீங்க.

வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத எம்டிஆர் டிபின்னா இன்னும் கவனம் வேணும். அதுக்கு சைக்ளோசெரின்ங்கிற மருந்து குடுத்தா அதுவே மனநோய் மாதிரி கொண்டு வரலாம், அதுக்கே குடுக்கிற பெடாக்விலினும் ஹாலோபெரிடாலும் சேர்ந்தா இதயத் துடிப்பு கெடலாம், ஈசிஜி எடுக்காம ஆரம்பிக்காதீங்க.

வீட்டுக்காரங்க பயந்துபோய் டிபி மாத்திரையை பாதியில நிறுத்திடுறாக, இல்லன்னா மனசுக்குக் குடுக்கிறதை நிறுத்திடுறாக. ரெண்டுமே ஆபத்து. ரெண்டும் தொடரணும், அளவை டாக்டர் மாத்துவாருன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா நாங்க கேப்போம்.