இம்பெல்லா இதய பம்ப் யாருக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்

மாரடைப்பு சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிகளை எழுதும் இதயவியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இரவுப் பணி பார்த்த செவிலியர் நான். மாரடைப்போடு வந்து கார்டியோஜெனிக் ஷாக்கில், அதாவது இதயம் உடலுக்குப் போதுமான ரத்தத்தைத் தள்ள முடியாத நிலையில், விழுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இன்றும் இழக்கிறோம். அதனால்தான் புதுக்கருவி என்றதும் எல்லோருக்கும் ஆசை வருகிறது.

மகாதமனிக்குள் வைத்து, ஊதி ஊதிச் சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன் பம்பையும் அப்படித்தான் நம்பினோம். 1960களின் கடைசியில் வந்த கருவி அது. 600 நோயாளிகளை வைத்து ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2012இல்தான் வெளிவந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3 சதவீதம். அத்தனை வருடமும் எத்தனை பேருக்கு அதைப் பயனில்லாமல் வைத்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. 2023இல், ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவியின் ஆய்வும் அதே கதைதான்: முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், வைத்தவர்களில் 47.8 சதவீதம், வைக்காதவர்களில் 49.0.

அப்புறம் 2024இல் டேஞ்சர் ஷாக் ஆய்வு வந்தது. அதில் சோதித்தது, இதயத்தின் இடது கீழறைக்குள் நுழைத்து ரத்தத்தை மகாதமனிக்குத் தள்ளும் இம்பெல்லா பம்பை. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றிலும் சேர்த்து சுமார் 360 பேரைச் சேர்க்கவே பத்து வருடம் ஆனது. 180 நாளில் இறப்பு 58.5 சதவீதத்திலிருந்து 45.8 ஆகக் குறைந்தது. எட்டுப் பேருக்கு வைத்தால் ஒரு உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த எட்டுப் பேர் யார்? இசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்து தெரியும் வகை மாரடைப்பும் கடுமையான ஷாக்கும் உள்ளவர்கள். மருத்துவமனைக்கு வெளியில் இதயம் நின்று, உயிர்ப்பித்த பிறகும் நினைவு திரும்பாதவர்களைச் சேர்க்கவில்லை. பெண்கள் ஐந்தில் ஒருவர்தான். பம்ப் வைத்தவர்களில் 41.9 சதவீதம் பேருக்கு டயாலிசிஸ் போன்ற சிறுநீரக சிகிச்சை தேவைப்பட்டது; மற்றவர்களில் 26.7. கடுமையான ரத்தக்கசிவு, காலுக்கு ரத்தம் போகாமல் போவது முதலான சிக்கல்கள் 24 சதவீதம், மற்றவர்களில் 6.2.

ஆகவே நெறியில் "தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். யார் யார் என்று வரிசைப்படுத்துங்கள். மற்றவர்களுக்கு ஆய்வுக்குள் மட்டுமே வைக்கச் சொல்லுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு கையெழுத்துப் போட வரும் மனைவியிடமும் மகனிடமும் உயிர்க்கணக்கோடு டயாலிசிஸ் கணக்கையும் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. பம்ப் நுழைத்த பக்கத்துக் காலைத் மணிக்கொரு தடவை தொட்டு, சூடு இருக்கிறதா, நாடி கிடைக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வார்டில் இதை வைக்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு செவிலியர்