கடைசிப் பந்தி இல்லாத தீபாவளி

சென்னை,
தீபாவளி முடிந்த வாரம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. முட்டி வலி குறைந்து மறுபடியும் மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. பேத்திக்கு ஊரிலேயே கல்லூரி கிடைத்ததும் நல்லதுதான். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு படிப்புக்காக வெளியூர் போவானேன்?

இங்கே எல்லாரும் சுகம். மாமியாருக்கு 86 முடிந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், ஆனால் காதும் ஞாபகமும் இன்னும் கூர்மை. சின்னவன் குடும்பம் பெங்களூரிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டு நேற்றுதான் கிளம்பியது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால்தான் உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் கேட்டிருந்தாய். "இந்த கிறிஸ்துமஸுக்கு மகன் சென்னையில் ஹோட்டலில் அறை போடுகிறேன் என்கிறான், மருமகளும் ஆசைப்படுகிறாள், பண்டிகையைக் கொண்டுபோய் ஹோட்டலில் வைத்துக்கொள்வதா, எனக்கு மனசே வரவில்லை, நீ என்ன சொல்கிறாய்?" என்று. இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தீபாவளியை நாங்கள் அப்படித்தான் கொண்டாடினோம்.

யோசனை பெரிய மருமகளுடையது. தீபாவளியன்று மதியச் சாப்பாட்டுக்குப் போய், இரவு தங்கி, மறுநாள் காலை டிபன் முடித்துவிட்டு வீடு திரும்பலாம் என்றாள். மாமியாரைக் கேட்டோம். "விளக்கேற்றி, எண்ணெய் தேய்த்து, லேகியம் சாப்பிட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். அப்படியே செய்தோம். விடியற்காலையில் எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல், புதுத் துணி, ஆறு மணியிலிருந்து ஏழு வரை பிள்ளைகள் பட்டாசு. இப்போது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தானே அனுமதி! பூஜை, இட்லி, லேகியம் எல்லாம் வீட்டில்தான். அதிரசமும் முறுக்கும் இரண்டு நாள் முன்னாலேயே சுட்டு வைத்திருந்தேன். அந்த வாசனை இல்லாமல் எனக்குத் தீபாவளி கிடையாது, அதை யாருக்காகவும் விட மாட்டேன். விட்டது மதியச் சமையலை மட்டும்தான்.

எந்த ஹோட்டல் தெரியுமா? கன்னிமாரா!

நீயும் நானும் ராணி மேரிக் கல்லூரியில் படித்த நாளில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் எத்தனை சனிக்கிழமை கழித்திருப்போம். அந்தப் பழைய வாசிப்புக் கூடத்தின் வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தே உனக்குக் கழுத்து வலிக்கும். 1896-ல் திறந்த நூலகம் அது. 1886 முதல் 1890 வரை மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர்தான் நூலகத்துக்கும், ஹோட்டலுக்கும். நூலகத்துக்குள் நாம் சொந்த வீடு மாதிரி போய் வந்தோம். ஹோட்டலை மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, பழைய ஸ்பென்சர் கட்டடத்தின் பக்கத்தில், எட்டிப் பார்த்ததோடு சரி. அந்த ஸ்பென்சர் கட்டடம் 1983-ல் எரிந்தே போயிற்று. ஹோட்டல் நிற்கிறது. 1930-களில் இப்போதைய தோற்றத்துக்கு மாற்றிக் கட்டினார்கள், அப்புறம் 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்தார், கடைசியாகப் பழுதுபார்த்து 2018-ல் மறுபடி திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வெள்ளைச் சுவரும் உயரமான கூரையும். வெளியே அண்ணா சாலையின் ஹாரன் சத்தம் அப்படியே நின்றுபோகிறது. பின்னால் நீச்சல் குளம். அங்கே செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு என்று தனியாக ஓர் உணவகம் இருக்கிறது, ரெயின்ட்ரீ என்று பெயர். நம் தூங்குமூஞ்சி மரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் குளத்தை விட்டு வெளியே வரவே இல்லை. அதை விவரித்து என்ன, நீயும் பேரன் பேத்தி எடுத்தவள்.

நான் சொல்ல வந்தது மதியச் சாப்பாட்டைப் பற்றி.

பெரிய மேஜை ஒன்றில் எல்லாரும் உட்கார்ந்தோம். மாமியாரை நடுவில் உட்காரவைத்தோம், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் கொழுந்தன். மருமகள்கள் இருவரும் எதிரே. பஃபேதான், அவரவர் போய் எடுத்து வர வேண்டும். ஆனால் மாமியாரைப் பார்த்ததும் பரிமாறும் பையன் ஒருவன் வந்து, "பாட்டி, நீங்க எழுந்திருக்க வேண்டாம், என்ன வேணும்னு சொல்லுங்க" என்றான். வடை ஒன்று கொண்டு வரச் சொன்னார். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மெதுவடை, ஆவி பறக்க வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தீபாவளி அன்னைக்கு நான் சூடா வடை சாப்பிட்டதே இல்லடி."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் அடுப்படியில்தான் நின்றார். முதல் பந்தி ஆண்களும் பிள்ளைகளும், இரண்டாவது பந்தி வந்த விருந்தாளிகள், கடைசியில் நாங்கள். அதற்குள் சாம்பார் ஆறி, அப்பளம் நமுத்து, பாயசத்தில் ஏடு படிந்திருக்கும். பசியும் போயிருக்கும். யாரும் எங்களைக் கொடுமை செய்யவில்லை. வீட்டு ஆண்கள் நல்லவர்கள்தான், "நீங்களும் உட்காருங்களேன்" என்று சொல்வார்கள்தான். ஆனால் வடையை யாராவது சுட்டுத்தானே ஆக வேண்டும்? அடுப்பு எரிகிறவரை ஒருத்தி நின்றே தீர வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு பண்டிகைச் சாப்பாட்டை மாமியாரோடு எதிரெதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை. இந்த முறை சாப்பிட்டேன். அவர் தன் கல்யாணத்துக்குப் பிறகு வந்த தலைதீபாவளிக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா மாட்டு வண்டியில் பட்டாசு ஏற்றிக்கொண்டு வந்தாராம். அவர் பெற்ற பிள்ளைகளுக்கே அந்தக் கதை தெரியவில்லை! சமையல்கட்டில் வேலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ, முழுதாக உட்கார்ந்து சொல்ல நேரம் வாய்த்தது இப்போதுதான்.

உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வருட விடுமுறையில் என்னை கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனாயே. நடு ராத்திரி ஆராதனை முடிந்து வந்ததும் அவர்கள் தூங்கவே இல்லை. விடிவதற்குள் ஆட்டுக்கறி கழுவி, தேங்காய் துருவி, பிரியாணிக்கு வெங்காயம் உரித்து வைத்தாகிவிட்டது. தெருவில் யார் வீட்டுக்கெல்லாமோ தூக்குவாளியில் போயிற்று. அத்தனை பேரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சாயங்காலம் போல, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மிச்சத்தை அவர்கள் சாப்பிட்டதை நான் பார்த்தேன். பக்கத்தில் நீ உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாய். அந்தப் பிரியாணியின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது, அதற்கு ஈடாக எந்த ஹோட்டலும் செய்ய முடியாது. ஆனாலும் கேட்கிறேன், அவர்களுக்கு ஒரு கிறிஸ்துமஸாவது சூடாகச் சாப்பாடு கிடைத்திருக்கக் கூடாதா? இப்போது அவர்கள் இடத்தில் நீ இருக்கிறாய். உனக்குப் பிறகு உன் மருமகள். அவள் ஆசைப்படுகிறாள் என்றால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு விஷயம் என்னை உறுத்தியது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட, அந்தப் பையன் தீபாவளியன்று நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா விழுப்புரம் பக்கம் கிராமத்தில் இருக்கிறாளாம். "அடுத்த வாரம் லீவு போட்டுப் போவேன் பாட்டி, அதுவரைக்கும் அம்மா பலகாரத்தை எடுத்து வைக்கும்" என்று மாமியாரிடம் சொன்னான். நம் வீட்டு அடுப்படியில் நின்ற கால்கள் உட்கார்ந்துவிட்டன, வேறு யாருடைய கால்களோ நிற்கின்றன. அவனுக்குச் சம்பளம் உண்டு, முறை வைத்து விடுமுறை உண்டு, நம் அம்மாக்களுக்கு அது இரண்டும் இல்லை, அது உண்மைதான். இருந்தாலும் மாமியார் அறைக்கு ஆளனுப்பி அதிரச டப்பாவை எடுத்து வரச் சொல்லி அவன் கையில் கொடுத்த பிறகுதான் எழுந்தார். நீயும் போனால் பரிமாறுகிறவர்களிடம் பெயர் கேட்டுப் பேசு, பணத்தைக் கையில் கொடு.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உன் மகனிடம் சில விஷயங்களைச் சொல்லி வை. அறை வாடகையோடு காலை டிபன்தான் பெரும்பாலும் சேர்ந்து வரும். கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்குத் தனிக் கட்டணம், மற்ற நாளை விட அதிகமாகவும் இருக்கும். முன்னாலேயே மேஜை சொல்லி வைத்துவிட வேண்டும். ஒரு புத்தாண்டு அன்று வேறொரு ஹோட்டலுக்குச் சொல்லாமல் போய், பசியோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரவேற்பறையில் காத்திருந்து நொந்துபோனோம். பேரனுக்கு எத்தனை வயது வரை இலவசம் என்று கேட்கட்டும், இடத்துக்கு இடம் மாறும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போனால் வரி 18 சதவீதம். அந்த மாதிரி பெரிய ஹோட்டலில் சாப்பாட்டுக்கும் அதே 18 தான், அதையும் கணக்கில் வைக்கட்டும். சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், தயங்க வேண்டாம். அறைக்குள் போக மதியம் இரண்டு மணி ஆகும். பெரியவர்கள் எல்லாரும் ஆதார் அட்டை கொண்டு வாருங்கள். உன் முட்டிக்காக லிப்ட் பக்கத்தில் அறை கேள். குளியலறையில் தரை வழுக்கும், ரப்பர் செருப்பு எடுத்து வா.

பெரிய ஹோட்டல்களில் இந்த மாதமே கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடும். கேக் மிக்ஸிங் என்று ஒரு வைபவம் வைப்பார்கள். நீள மேஜையில் உலர்ந்த திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல், முந்திரி, பாதாம் எல்லாவற்றையும் குவித்து, விருந்தினர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ரம்மும் ஒயினும் ஊற்றிப் பிசைவார்கள். டிசம்பர் வரை அது ஊறி, பிளம் கேக்கில் போகும். உன் வீட்டில் ஜாடியில் ஊறப்போடுவதும் அதே கணக்குதானே. அதை நிறுத்தாதே. ஊறப்போடு, சுட்டுக் கொண்டு வா. அறைக்குள் நாம் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஆராதனையை விட்டுவிடுவோமோ என்று பயப்படாதே. கதீட்ரல் ரோட்டில் புனித ஜார்ஜ் பேராலயம் இருக்கிறது. 1815-ல் கட்டியது. உனக்குத் தெரியாததா, உங்கள் தென்னிந்தியத் திருச்சபையே 1947 செப்டம்பர் 27 அன்று அங்கேதான் உதயமாயிற்று. காலை ஆராதனை முடித்துவிட்டு நிதானமாகச் சாப்பாட்டுக்குப் போகலாம், மவுண்ட் ரோடு பக்கம்தான். நாம் மரத்தடியில் டிபன் சாப்பிட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னும் அந்த ரோட்டில்தான் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? உன் அத்தான் காரில் அழைத்துப் போனார், ஜன்னலில் தட்டு மாட்டி ரவா தோசை வந்தது. 2008-ல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. பேத்தியை ஒரு நடை அங்கேயும் கூட்டிப் போகலாம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, கிறிஸ்துமஸ் டிக்கெட் திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், மகனைத் தயாராக இருக்கச் சொல். நெல்லை எக்ஸ்பிரஸில் கிடைக்காவிட்டால் வந்தே பாரத் இருக்கிறது. காலையில் ஏறினால் மதியம் எழும்பூரில் இறங்கிவிடலாம். பெரியவனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

ஹோட்டலில் ஒரு இரவு போதும். மிச்ச நாள் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், மாமியார் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு எங்களையும் சேர்த்தே மேஜை சொல்லச் சொல், எங்கள் பங்கை நாங்கள் கொடுத்துவிடுவோம். மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் எழுது. போன் வேண்டாம், எழுது.

அன்புடன்,
உன் சிநேகிதி