‘பெயிண்டுக்குத் தயார்’ என்று விற்ற ஃபைபர் பம்பர், பானட் பற்றிய புகார்

அனுப்புநர்:
வாகன பெயிண்டிங் பட்டறையினர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு,
ஃபைபர் பாடி பாகங்கள் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: பிரைமர் (அடிப்பூச்சு) உரிந்த பம்பர், அதே லாட்டில் வந்த பானட் ஆகியவற்றை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

டெம்போ வேனுக்கு உங்களிடம் வாங்கிய முன்பம்பரில் பெயிண்ட் தோலாக உரிந்ததற்கு, நாங்கள் எட்ச் பிரைமர் அடிக்காமல் எபாக்ஸி பிரைமர் அடித்ததுதான் காரணம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை.

எட்ச் பிரைமர் தகட்டுக்கானது. அதிலுள்ள அமிலம் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிமானம் கொடுக்கும். ஃபைபர் பாகத்தின் வெளி ரெசின் அடுக்கான பாலியஸ்டர் ஜெல்கோட்டில் அதற்கு வேலையே இல்லை. உரிந்த தோலை இத்துடன் அனுப்பியிருக்கிறோம், திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க உங்கள் தொழிற்சாலையில் அடித்த சாம்பல் நிறப் பிரைமர். எங்கள் எபாக்ஸி அந்தச் சாம்பலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. சாம்பல்தான் ஜெல்கோட்டை விட்டு வந்துவிட்டது. உரிந்த இடத்தில் ஜெல்கோட் மோல்டிலிருந்து எடுத்த பளபளப்போடு அப்படியே இருக்கிறது. ஒரு எமரிக் கீறல்கூட இல்லை. அதாவது பாகம் ஒட்டாமல் வர மோல்டில் பூசும் மெழுகைக் கழுவாமல், தேய்க்காமல், அதன் மேலேயே பிரைமர் அடித்து ‘பெயிண்டுக்குத் தயார்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்.

பானட்டில் நாங்கள் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அதன் சாம்பல் பூச்சில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தோம். கட்டங்கள் முழுசாகப் பெயர்ந்து வந்தன. வெளிப்பட்ட ஜெல்கோட்டில் தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கிறது. மெழுகு இருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய குறை, ஜெல்கோட் சரியாக இறுகாதது. அசிட்டோன் நனைத்த துணியால் அரை நிமிடம் தேய்த்தால் பானட்டின் ஓரங்கள் பிசுபிசுக்கின்றன, இறுகாத ரெசினின் ஸ்டைரீன் வாடையும் அடிக்கிறது. காற்றுப் படும் உள்பக்கம் முழுசாக இறுகாது என்பதால் அங்கே சற்றுப் பிசுக்கு இருப்பது வழக்கம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் சோதித்தது மோல்டைத் தொட்ட வெளிப்பக்கம். வழக்கமாக ரெசினில் 1 முதல் 2 சதவீதம் ஹார்ட்னர் சேர்ப்பார்கள். அது குறைந்தாலோ, மோல்டிலிருந்து அவசரமாக எடுத்தாலோ இப்படித்தான் ஆகும். இந்தப் பரப்பில் பிரைமர் அடித்தால் அதன் தின்னரை ஜெல்கோட் உறிஞ்சி உப்பும். பிறகு அது மெல்லச் சுருங்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடி நார் விரிப்பின் தடம் பெயிண்டுக்கு மேலேயே தெரியும். பட்டறையில் சூடேற்றி இதைச் சரிசெய்யப் பார்த்தால், தாங்கல் இல்லாத பானட் வளைந்துவிடும். இறுக வைப்பது உங்கள் மோல்டிலேயே நடக்க வேண்டிய வேலை.

ஜெல்கோட்டில் உள்ள பின்ஹோல்களையும் (ஊசிமுனை ஓட்டைகள்) பிரைமரால் மூடி மறைத்திருக்கிறீர்கள். பிரைமர் ஓட்டையை நிரப்பாது, மேலே பாலம் போட்டதுபோல் நிற்கும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து கொப்புளமாக எழும்பும். ஒவ்வொரு ஓட்டையையும் கூர்முனையால் திறந்து, பாலியஸ்டர் பட்டியை (ஓட்டை நிரப்பும் பசை) ரப்பர் பிளேடால் அழுத்தி நிரப்ப வேண்டும்.

உங்கள் குறிப்புத் தாளும் தவறு. 80 நம்பர் எமரியால் தேய்த்துவிட்டுத் துடைக்கச் சொல்கிறது. முதலில் தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும். அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஜெல்கோட்டை 80 நம்பர் தாண்டி உள்ளே இருக்கும் கண்ணாடி நாரை வெளியே கொண்டுவந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கியை ஒரு துணியால் தடவி, காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் சீராகப் பரவும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு 240, 320 நம்பரில் தேய்த்து, டூ-கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) எபாக்ஸி, அதன்மேல் பரப்பைச் சமப்படுத்தும் டூ-கே சர்ஃபேசர் அடிக்க வேண்டும். பட்டி வெளியே தெரியும் இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. பட்டி ஈரத்தைக் குடித்துப் பிறகு கொப்புளிக்கும்.

எனவே, பம்பர், பானட் இரண்டையும் நன்றாக இறுகியவையாக, பிரைமர் அடிக்காமல் மாற்றித் தாருங்கள். பிரைமர் இல்லாவிட்டால்தான் ஜெல்கோட்டைக் கண்ணால் பார்த்து வாங்க முடியும். வீணான எபாக்ஸி, சர்ஃபேசர், பெயிண்ட் ஆகியவற்றின் விலையையும் கூலியையும் இணைத்துள்ள பில்படி தர வேண்டும். அதே லாட்டில் வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கும் பெயிண்ட் அடிக்கும் முன் தெரிவியுங்கள்.

சோதித்ததோடு பானட்டை அப்படியே வைத்திருக்கிறோம். உங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆள் பட்டறைக்கு வந்தால் அதே டேப், அசிட்டோன் சோதனைகளை அவர் முன்னிலையில் செய்து காட்டுவோம்.

இப்படிக்கு,
பட்டறையினர்,
கிருஷ்ணகிரி.

இணைப்பு: உரிந்த பூச்சுத் துண்டு, புகைப்படங்கள், பில் நகல்கள்.